கோல் எங்கே தொலைகிறது?

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று, கோவா மாநிலத்தின் ஃபடோர்டா அரங்கில் இந்தியக் கால்பந்து அணி சிங்கப்பூரிடம் 1-2 என்ற கோல் கணக்கில் தோல்வியுற்றது. 14ஆம் நிமிடத்தில் லாலியன்சுவாலா சாங்டே அடித்த கோலால் முன்னிலை பெற்ற நம் அணி, இடைவேளைக்குச் சற்று முன்பு ஒன்றும் இடைவேளைக்குப் பிறகு ஒன்றுமாக இரண்டு கோல்களை விட்டுக்கொடுத்தது. அத்துடன் 2027இல் சவுதி அரேபியாவில் நடைபெறும் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறும் வாய்ப்பும் கைநழுவிப் போயிற்று. 2019, 2023 என இரு ஆசியக் கோப்பைகளில் தொடர்ந்து இடம்பெற்ற நாடு, அடுத்த வாய்ப்புக்கு 2031 வரை காத்திருக்க வேண்டும்.

ஒரு தோல்விக்குப் பிறகு ரசிகர்கள் கூடும் இடங்களில் என்ன பேச்சு எழும் என்பது நமக்குத் தெரியும். கொல்கத்தாவின் தேநீர்க் கடைகளில் ஈஸ்ட் பெங்கால் ரசிகரும் மோகன் பகான் ரசிகரும் எதிரெதிரே அமர்ந்து வாதிடுவர். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இல்லத்தில் ஹில்சா மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்று சமையலையே கால்பந்தின் கணக்கில் எழுதிவைத்த நகரம் அது. மலப்புறத்தில், உலகக் கோப்பைக் காலத்தில் அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் கொடி கட்டிய இளைஞர்கள் தங்கள் சொந்த நாட்டு அணியின் குறைகளை அலசுவர். ஷில்லாங்கிலும் இம்பாலிலும் ஐஸ்வாலிலும், நம் வடசென்னையின் வியாசர்பாடியிலும் அதே அலசல் நடக்கும்.

அந்த அலசலின் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அந்தப் பந்தை எப்படி வெளியே அடித்தான்?" வாய்ப்பைத் தவறவிட்ட வீரர் ஒருவரைச் சுட்டி அன்றைய கோபம் தணிந்துவிடுகிறது. ஆயினும் சில ஆண்டுகளாக நம் ரசிகர்களில் ஒரு சாரார் இரண்டாவது கேள்வியையும் கேட்கத் தொடங்கியுள்ளனர்: "தொண்ணூறு நிமிடங்களில் அப்படிப்பட்ட வாய்ப்பு ஒன்றோ இரண்டோ மட்டும் ஏன் வந்தது?" இந்த இரண்டாவது கேள்வியைப் பின்தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்கள் சொல்வது என்ன?

கணக்குப் புத்தகத்தின் கடைசி வரியில் இருப்பு குறைந்திருப்பதைக் கண்டால், நாம் அந்த ஒரு வரியோடு நிற்பதில்லை. முந்தைய பக்கங்களைப் புரட்டி, எந்த மாதத்திலிருந்து வரவு குறைந்தது என்று பார்க்கிறோம். ஃபடோர்டா தோல்வியையும் அவ்வாறே பார்ப்போம்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1 எனத் தோற்றது. மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 எனத் தோற்றபோது, நமக்குக் கிடைத்த ஒரே கோல் சுனில் சேத்ரி அடித்த பெனால்டி. ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராகச் சேத்ரி விடைபெற்ற ஆட்டம் கோலின்றி முடிந்தது. 2024 முழுவதிலும் இந்தியா ஆடிய ஆட்டங்கள் 11, அடித்த கோல்கள் 4, வெற்றி ஒன்றுமில்லை.

ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் நம் பிரிவில் வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர் ஆகிய அணிகள் இருந்தன. பிரிவில் முதலிடம் பெறும் அணிக்கு மட்டுமே தகுதி. ஷில்லாங்கில் வங்கதேசத்துடன் 0-0, ஹாங்காங்கில் 0-1, சிங்கப்பூரில் 1-1, ஃபடோர்டாவில் 1-2, பின்னர் நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. முதல் ஐந்து ஆட்டங்களில் நம் அணி விட்டுக்கொடுத்த கோல்கள் ஐந்து, அடித்தவை இரண்டு. ஆட்டத்துக்கு ஒரு கோல் மட்டுமே விட்டுக்கொடுக்கும் அணி, முன்களம் ஓரளவு இயங்கினாலே பிழைத்துக்கொள்ளும். ஆகவே குறை மிகுந்திருப்பது எந்தப் பக்கம் என்பது தெளிவு. 2023 ஜூலையில் உலகத் தரவரிசையில் 99ஆம் இடத்தில் இருந்த இந்தியா, 2025 நவம்பரில் 142ஆம் இடத்துக்கு இறங்கியது.

அந்த இரண்டு கோல்களும் எப்படி வந்தன என்பதை நினைவுகூர்வது பயனுள்ளது. சிங்கப்பூரில், பத்து வீரர்களுடன் ஆடிக்கொண்டிருந்த நிலையில் 90ஆம் நிமிடத்தில் ரஹீம் அலி அடித்த கோல், எதிரணித் தற்காப்பின் தவறான பந்தைப் பறித்ததால் கிடைத்தது. ஃபடோர்டாவில் சாங்டே அடித்தது பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து தொடுத்த தனித்திறன் வாய்ந்த அடி. ஒன்று எதிரி தந்த பரிசு. மற்றொன்று ஒருவரின் கைவண்ணம், அல்ல, கால்வண்ணம். நடுக்களத்திலிருந்து பந்தைக் கோத்து நகர்த்தி, எதிரணியின் வாயிலில் ஒருவரைத் தனித்து நிற்கச் செய்து அடித்த கோல் என்று இவ்விரண்டில் எதையும் சொல்ல இயலாது.

கடைசிக் காலடிக்கு முன்னால்

கோல் என்பது ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. பின்களத்தில் பந்தைப் பெறுபவர் எதிரணி அழுத்தம் கொடுக்கும்போதும் பதறாமல் முன்னோக்கி அனுப்ப வேண்டும். நடுக்களத்தில் ஒருவர், முதுகுக்குப் பின்னால் எதிரி நிற்பதை அறிந்து, பந்தை வாங்கிய கணத்திலேயே திரும்ப வேண்டும். பக்கவாட்டில் ஓடும் விங்கர், பந்தை எப்போது தானே எடுத்துச் செல்வது, எப்போது உள்ளே அனுப்புவது எனத் தீர்மானிக்க வேண்டும். அவர் பந்தை அனுப்பும் நேரத்தில் பெனால்டி பகுதிக்குள் குறைந்தது இரண்டு மூன்று பேர் வெவ்வேறு இடங்களை நோக்கி ஓடிவந்திருக்க வேண்டும். இவை அனைத்தும் நடந்த பின்னரே ஸ்ட்ரைக்கரின் கால் பந்தைத் தொடுகிறது.

நம் அணியின் ஆட்டங்களை மறுமுறை பார்ப்போருக்கு இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுகிறது என்பது விளங்கும். பின்கள வீரர்கள் தங்களுக்குள் பந்தைப் பக்கவாட்டில் பரிமாறிக்கொண்டிருப்பர். எதிரணி நெருங்கியதும் நீண்ட பந்து ஒன்று வானில் பறக்கும். முன்களத்தில் தனித்து நிற்கும் வீரர் தம்மைவிட உயரமான இரு தற்காப்பு வீரர்களோடு அதற்காகப் போராடுவார். பந்து எதிரணிக்குப் போகும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். விங்கர்கள் வேகமானவர்கள்தாம். ஆயினும் அவர்கள் கோல்கோட்டருகே சென்று பந்தை உள்ளே அனுப்பும்போது, அங்கே நீல உடையணிந்தவர் ஒருவரே நிற்பார். அவரைச் சூழ எதிரணியினர் நால்வர் இருப்பர்.

எதிரணி பின்வாங்கித் தன் பெனால்டி பகுதியின் முன் இரண்டு வரிசையாக நின்றுவிட்டால் நிலைமை இன்னும் கடினம். வேகத்துக்கு அங்கே இடமில்லை. சிறு இடைவெளியில் பந்தை நிறுத்தி, ஒரே தொடுகையில் அடுத்தவருக்கு அனுப்பும் நுட்பமே அங்கே தேவை. ஷில்லாங்கில் வங்கதேசத்துக்கு எதிரான ஆட்டத்தில் நமக்குப் பற்றாக்குறையாய் இருந்தது இதுவே. தவறவிட்ட வாய்ப்பைவிட, உருவாகாமலே போன வாய்ப்புகளே நம்மைத் தோற்கடிக்கின்றன.

இவ்வாறு பார்க்கும்போது பழி ஒருவர் தலையில் விழுவதில்லை. ஸ்ட்ரைக்கர் ஒருவருக்கு ஓர் ஆட்டத்தில் ஒரே வாய்ப்பு கிட்டுமானால், அவர் உலகத்தரம் வாய்ந்தவராயினும் சில ஆட்டங்களில் வெறுங்காலோடுதான் திரும்புவார்.

ஜகார்த்தா, 1962

தோல்வியை அலசி, முன்களத்தை மாற்றியமைத்து, வென்று காட்டிய அணி நம் வரலாற்றிலேயே உண்டு. 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தன் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். அணியில் சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, துளசிதாஸ் பலராம் என்னும் மூன்று சிறந்த முன்கள வீரர்கள் இருந்தும் கோல் கிட்டவில்லை.

அடுத்து தாய்லாந்தை 4-1 என வென்றபோது, தற்காப்பின் தூணாக விளங்கிய ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என வென்ற பின் அரையிறுதி வந்தது. காயத்தோடு பின்களத்தில் ஆடவைப்பது இடர் மிகுந்தது. வெளியே உட்காரவைத்தால் அணி வலுவிழக்கும். ரஹீம் அவரை முன்களத்தின் நடுவே நிறுத்தினார். தென்வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியை இந்தியா 3-2 என வென்றது. அதில் ஒரு கோல் ஜர்னைல் சிங்குடையது.

செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டத்தில் மீண்டும் அதே தென்கொரியா. அரங்கில் திரண்டிருந்த பெருங்கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. முதல் இருபது நிமிடங்களுக்குள் பானர்ஜி ஒன்றும் ஜர்னைல் சிங் ஒன்றும் அடித்தனர். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் கொரியர்களின் தாக்குதலைத் தாங்கி நின்றார். முடிவு 2-1, தங்கப் பதக்கம் நமக்கு. தோல்விக்கும் அந்த வெற்றிக்கும் இடைப்பட்ட காலம் பத்து நாள்களே.

வலிய உடலமைப்புக் கொண்ட ஒருவர் நடுவே நின்றதும் எதிரணித் தற்காப்பின் கவனம் அவர்மீது குவிந்தது. இருபுறமும் இருந்த மூன்று கலைஞர்களுக்கு இடம் கிடைத்தது. ரஹீம் செய்தது அதுவே. ஆனால் அந்த மாற்றம் பலித்ததற்குக் காரணம், பந்தைக் கோக்கத் தெரிந்த மூவர் ஏற்கெனவே அவர் கையில் இருந்ததுதான். இன்றைய பயிற்சியாளருக்கு அந்த வசதி இல்லை. 2025 ஆகஸ்டில் பொறுப்பேற்ற காலித் ஜமீல், 13 ஆண்டுகளுக்குப் பின் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியர். 2016-17இல் மிசோரமின் சிறிய அணியான ஐஸ்வால் எஃப்.சி.யை ஐ-லீக் வாகையராக்கியவர். அவர் பொறுப்பில் நடந்த முதல் ஆட்டத்தில் இந்தியா தஜிகிஸ்தானை அதன் மண்ணிலேயே 2-1 என வென்றது. அன்று கோல் அடித்த அன்வர் அலி, சந்தேஷ் ஜிங்கன் இருவரும் தற்காப்பு வீரர்கள். முன்களத்தில் ஆள் குறைவாக இருக்கும் அணிக்குக் கார்னர், ஃப்ரீ கிக், நீண்ட எறிபந்து ஆகியவை உடனடி நிவாரணம் என்பதை அது உணர்த்தியது. ஆயினும் நிவாரணம் வேறு, நோய் தீர்வது வேறு.

சேத்ரிக்குப் பின் யார்?

ஐ.எம். விஜயன், பாய்ச்சுங் பூட்டியா, சுனில் சேத்ரி என ஒருவர் பின் ஒருவராகச் சுமார் முப்பது ஆண்டுகள் நம் முன்களத்தைத் தாங்கினர். 2005இல் தொடங்கிய சேத்ரி, 2024இல் விடைபெற்றபோது 151 ஆட்டங்களில் 94 கோல்கள் அடித்திருந்தார். சர்வதேசக் கோல்களில் அப்போது உலகில் நான்காம் இடம். ஒன்பது மாதங்கள் கழித்து, 2025 மார்ச்சில், நாற்பது வயதில் அவரை மீண்டும் அழைக்க வேண்டியதாயிற்று. மாலத்தீவுக்கு எதிராக வந்த உடனே ஒரு கோலும் அடித்தார். அதில் நாம் மகிழ்ந்தோம், கவலையும் கொண்டோம்.

ரசிகர்கள் கூடும் இடங்களில் இதற்குச் சொல்லப்படும் முதற்காரணம், மன்ற அணிகள் ஸ்ட்ரைக்கர் இடத்தை வெளிநாட்டவருக்கே தருகின்றன என்பது. எண்கள் அதனை மறுக்கவில்லை. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கின் பதினொரு பருவங்களில், 2024-25 வரை, அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை ஒருமுறைகூட இந்தியர் பெறவில்லை. சென்னையின் எஃப்.சி. 2015இல் கோப்பை வென்றபோது அப்பரிசு அவ்வணியின் கொலம்பிய வீரர் ஸ்டிவன் மெண்டோசாவுக்குச் சென்றது. 2024-25இல் இந்தியர்களுள் முதலிடம் பெற்றவர் 14 கோல்கள் அடித்த சேத்ரியே.

இதனால் இளம் இந்தியர் ஒருவர் முன்களத்தில் திறமை காட்டினால், மன்ற அணி அவரை விங்கராக மாற்றுகிறது. அல்லது மாற்று வீரராக அமர்த்தி, ஆட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடங்களுக்கு இறக்குகிறது. நாட்டின் சிறந்த தாக்குதல் வீரர்களான சாங்டேயும், சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகரும் விங்கர்களே. 2022-23 பருவத்தில் வளரும் வீரர் விருது பெற்ற, சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன் போன்ற மைய முன்கள வீரர்கள் அரிதாகவே தோன்றுகின்றனர்.

மறுதரப்பு வாதத்துக்கும் செவி கொடுக்க வேண்டும். வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர்களின் ஆதிக்கம் இன்று நேற்று வந்ததன்று. ஐ-லீக்கிலும் ரான்டி மார்ட்டின்ஸ், ஓடாஃபா ஒகோலி போன்ற நைஜீரியர்களே கோல் குவித்தனர். அக்காலத்திலும் சேத்ரி உருவானார். மேலும், அவர்களோடு மோதியதால் நம் தற்காப்பு வீரர்கள் தேறினர் என்பதும் உண்மை. வெளிநாட்டவரை விலக்கிவிட்டால் மறுநாளே கோல் அடிப்பவர் முளைத்துவிடமாட்டார். அந்த இடத்துக்குத் தகுதியானவரை பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே உருவாக்கத் தொடங்கினாலன்றி, விதி மாற்றம் மட்டும் பயன் தராது.

மற்றொரு வாதம், அயல்நாடுகளில் வாழும் இந்திய வம்சாவளி வீரர்களைச் சேர்ப்பது பற்றியது. இந்தியக் குடியுரிமை பெற்றவர் மட்டுமே நாட்டுக்காக ஆடலாம் என்பது விதி. 2025இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் அந்நாட்டுக் குடியுரிமையைத் துறந்து இந்தியரானார். ஓரிருவர் இவ்வாறு வரலாம், வரவேற்போம். ஓர் அணியின் முன்களத்தை முழுதும் அவ்வழியில் நிரப்ப முடியாது.

வங்கி அணிகள் இருந்த காலம்

இன்றைய இளைஞர்கள் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்றை இங்கே குறிப்பிடலாம். தேசியக் கால்பந்து லீக் 1996-97இல் தொடங்கியது. அதன் முதல் பருவத்தில் அதிகக் கோல் அடித்தவர் ஓர் இந்தியர்: ஜே.சி.டி. அணியின் பூட்டியா, 14 கோல்கள். அந்த லீக்கில் சென்னையின் இந்தியன் வங்கியும், கேரளத்தின் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூரும் தத்தம் அணிகளைக் களமிறக்கின. விஜயன் வளர்ந்ததும் ஓர் அலுவலக அணியில்தான்: கேரளக் காவல்துறை.

அவ்வணிகளின் வசதிகள் இன்றைய மன்ற அணிகளோடு ஒப்பிடத்தக்கவை அல்ல. ஆயினும் அவை இரண்டு நன்மைகளைச் செய்தன. முதலாவது, எளிய குடும்பத்துப் பையனுக்கு நிலையான வேலை கிடைத்தது. ஆட்டம் கைவிட்டாலும் வாழ்க்கை கைவிடாது என்ற துணிவில் பெற்றோர் அவனை மைதானத்துக்கு அனுப்பினர். இரண்டாவது, உள்ளூர் வீரர்களைக் கொண்ட அந்த அணிகளில் முன்கள இடமும் உள்ளூர் வீரருக்கே கிடைத்தது. ஆண்டு முழுவதும் முழு ஆட்டங்கள் ஆடி, தவறவிட்டு, மறுவாரம் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு இருந்தது.

அலுவலக அணிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவற்றின் இடத்தை நிரப்பவேண்டிய தொழில்முறை லீக்கும் உறுதியாக நிற்கவில்லை. வணிக உரிமை ஒப்பந்தம் குறித்த சிக்கலால் 2025-26 பருவம் உரிய காலத்தில் தொடங்காமல் பல மாதங்கள் தள்ளிப்போயிற்று. வாரந்தோறும் ஆடிப் பழகவேண்டிய முன்கள வீரர், எப்போது ஆட்டம் என்று அறியாமல் காத்திருந்தார். தன் மகனின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கவேண்டிய தந்தை அச்செய்தியைப் படித்துவிட்டு என்ன முடிவெடுப்பார்? நம் அணியின் கோல் வறட்சிக்கும் அந்தக் குடும்பத்தில் எடுக்கப்படும் முடிவுக்கும் தொடர்பு உண்டு. ரசிகர்களின் அலசல் பயிற்சியாளரோடு நின்றுவிடாமல் இதுவரை வந்தாக வேண்டும்.

பெண்கள் அணி காட்டும் வழி

இதே 2025இல், இதே நாட்டின் மற்றோர் அணி கோல்களைக் குவித்தது. தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் இந்தியப் பெண்கள் அணி மங்கோலியாவை 13-0, கிழக்குத் திமோரை 4-0, ஈராக்கை 5-0 என வென்றது. ஜூலை 5 அன்று நடந்த தீர்மானிக்கும் ஆட்டத்தில், தன்னைவிட வலிய தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வீழ்த்தியது. அன்றைய இரு கோல்களும் நடுக்கள வீராங்கனை சங்கீதா பாஸ்ஃபோருடையவை. தகுதிச்சுற்றில் ஆடி ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது இந்தியப் பெண்களுக்கு இதுவே முதல்முறை.

மங்கோலியாவும் திமோரும் எளிய எதிரிகள் எனலாம், தாய்லாந்து அப்படியன்று. நான்கு ஆட்டங்களில் அடித்த 24 கோல்கள் ஒரே வீராங்கனையின் காலிலிருந்து வரவில்லை, பலர் அடித்தனர். முன்களத்தில் நிற்பவரை மட்டும் நம்பாமல், நடுக்களத்திலிருந்தும் ஆட்கள் பெனால்டி பகுதிக்குள் ஓடிவந்தனர். ஆண்கள் அணி தேடிக்கொண்டிருப்பது மற்றொரு சேத்ரியை. அவர் கிடைக்கும் வரை, ஆளுக்கு இரண்டு மூன்று கோல்கள் அடிக்கும் ஆறு பேர் போதும் என்பதைப் பெண்கள் அணி காட்டுகிறது.

அடுத்த ஆட்டத்தில் கவனிக்க

தொலைக்காட்சியின் முன் அமர்ந்து இந்திய அணியின் ஆட்டத்தைப் பார்க்கும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள். இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் ஆட்டத்தின் சுவை கூடும். தோற்றாலும் வென்றாலும் காரணம் விளங்கும்.

1. எதிரணியின் பெனால்டி பகுதிக்குள் நம் வீரர்கள் பந்தைத் தொட்டது எத்தனை முறை? கோலை நோக்கிய அடிகளைக் காட்டிலும் இந்த எண்ணிக்கையே தாக்குதலின் உண்மையான அளவுகோல்.

2. பக்கவாட்டிலிருந்து பந்து உள்ளே வரும்போது அங்கே நிற்கும் நம்மவர் எத்தனை பேர்? ஒருவர் மட்டும் என்றால், பந்து எவ்வளவு அழகாக வந்தாலும் பயனில்லை.

3. நடுக்கள வீரர் பந்தைப் பெற்றதும் முன்னோக்கித் திரும்புகிறாரா, வந்த வழியே திருப்பி அனுப்புகிறாரா?

4. கார்னர் கிடைக்கும்போது ஒத்திகை பார்த்த திட்டம் தெரிகிறதா? 2017இல் புதுதில்லியில் கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் அடித்த கோல், உலகக் கோப்பைத் தொடர் ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல். பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான அந்தத் தொடரில் அது வந்தது ஒரு கார்னரிலிருந்து.

5. எதிரணியின் பின்கள வீரரிடம் பந்து இருக்கும்போது நம் முன்கள வீரர்கள் சேர்ந்து நெருக்குகிறார்களா, ஒருவர் மட்டும் ஓடிக் களைக்கிறாரா? ரஹீம் அலியின் கோல் இத்தகைய நெருக்குதலின் விளைவு.

நம் பங்கு

1911இல் மோகன் பகான் ஈஸ்ட் யார்க்ஷயர் படையணியை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியபோதும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசூசா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்து நாட்டை அரையிறுதிக்குக் கொண்டு சென்றபோதும், அந்த வீரர்களின் பின்னால் உள்ளூர் மைதானங்களும், அவற்றைச் சுற்றி நின்று பார்த்த மக்களும் இருந்தனர். தேசிய அணியின் ஆட்டத்தைக் கண்டு கொதிக்கும் நாம், நம் ஊரின் மாவட்ட லீக் ஆட்டத்துக்கோ பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்கோ ஆண்டில் ஒருமுறையேனும் செல்கிறோமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள சிறார்களுக்கான கோல்டன் பேபி லீக்குகளை அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2018 முதல் ஊக்குவித்தது. பெற்றோரும் உள்ளூர் ஆர்வலர்களும் முன்வந்தால் எந்த ஊரிலும் இத்தகைய லீக்குகளை நடத்தலாம். சிறு மைதானம், சில பந்துகள், வாரம் ஓர் ஆட்டம். அங்கே ஆடும் குழந்தை, நெருக்கடியில் பந்தைக் கட்டுப்படுத்தித் திரும்பவும், தவறவிட்டாலும் மறுமுறை துணிந்து அடிக்கவும் பழகுகிறது. இருபது வயதில் தேசியப் பயிற்சி முகாமில் சில வாரங்களில் கற்பிக்க இயலாத பழக்கங்கள் இவை.

2031 ஆசியக் கோப்பை வரும்போது இந்தியாவின் முன்களத்தில் நிற்கப்போகிறவருக்கு இன்று பதினான்கு அல்லது பதினைந்து வயது இருக்கும். அவர் இந்த வாரம் எந்த மைதானத்தில் ஆடுகிறார், எந்த இடத்தில் ஆடவைக்கப்படுகிறார், அவர் ஆட்டத்தைக் காண எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அன்றைய கோல் கணக்கு அமையும்.